பதினாலாம் நம்பர் வீட்டில் புருஷன் மட்டும்

அத்தியாயம் மூன்று

கொலை கேஸில் ஒரு வசதி உண்டு. பாதிக்கப்பட்டவர் பேசமாட்டார்.

மஞ்சப்பாறை ஏலத்தோட்டத்தின் பதினாலாம் நம்பர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு தங்கதுரை இதைத்தான் ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டான். இங்கே பாதிக்கப்பட்டவர் முக்கால் மணி நேரமாக மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி எனக்கு டைவர்ஸ் குடுத்துருச்சும்மா! கோர்ட்டு இல்ல, வக்கீலு இல்ல, பாதர்ட்ட ஒரு வார்த்த கேக்கல. ஒரே பேப்பர்ல முடிச்சிட்டாவ!"

அன்னாளுக்கு நாற்பத்தாறு வயது. போடிமெட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் இந்தத் தோட்டத்தில் இருபத்தேழு வருடமாக ஏலக்காய் எடுக்கிறாள். இன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் முற்றத்தில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் திங்கட்கிழமை இந்த வீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். போடாவிட்டால் வேலையை விட்டே இறங்கிவிட வேண்டும். கம்பெனி தேர்ந்தெடுக்கும் உரிமையை அவளிடமே கொடுத்திருந்தது. நல்ல மனசு.

அவள் நீட்டிய இரண்டு கடிதங்களையும் யோகப்பிரியா வாங்கிப் படித்தாள். ஒரே தேதி, ஒரே கையெழுத்து, ஒரே முத்திரை.

முதல் கடிதம்: "திரு. மத்தியாஸ் அவர்களுக்கு. வீடு எண் 14 தங்களுக்கு இந்த ஆண்டும் உறுதி செய்யப்படுகிறது."

இரண்டாவது: "திருமதி அன்னாள் அவர்களுக்கு. பதிவேட்டின்படி தங்களுக்கு வீடு ஏதும் ஒதுக்கப்படவில்லை. எனவே தற்போது தங்கியுள்ள இடத்தைத் திங்கட்கிழமைக்குள் காலி செய்யவும்."

மத்தியாஸ் அன்னாளின் புருஷன். உள்ளே குனிந்து வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தான். பெருக்குகிற லட்சணத்திலேயே புதுப் பழக்கம் என்று தெரிந்தது.

"வீடு அவரு பேருலதான இருக்கு? அவரே பெருக்கட்டும்," என்றாள் அன்னாள். "வியாழக்கிழமலேர்ந்து கஞ்சியும் அவருதான் காய்ச்சுதாரு."

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா," என்று மத்தியாஸ் துடைப்பத்தோடு நிமிர்ந்தான். "நான் ஆபீசுக்குப் போயி இவளக் கெளப்புங்கன்னு சொன்னேனாம். நான் ஆபீஸ் வாசலுக்குப் போயே ஆறு மாசமாச்சு."

"மனசுல நெனச்சிருப்பீரு."

"அதுக்கு லெட்டர் வருமாட்டி?"

தங்கதுரை அனுதாபத்தோடு தலையசைத்தான். மனசில் நினைப்பதற்கெல்லாம் கடிதம் வந்தால் மீனாட்சிபுரத்தில் ஒரு தபால்காரர் போதாது.

மீனாட்சிபுரத்தில் மாட்டுத்தீவனக் கடைக்கு மேலே ஓர் அறை. அதுதான் யோகப்பிரியாவின் துப்பறியும் ஆபீஸ். அவளுக்கு முப்பத்துமூன்று வயது. வார்த்தைக்கு வரி கட்டுகிறவள் மாதிரிப் பேசுவாள். தங்கதுரை அவளைவிட எட்டு வயது மூத்தவன். பால் சொசைட்டியில் டெஸ்டராக இருந்தவன். ஒரு நாள் ஒரு கேனில் பாதிக்குப் பாதி தண்ணீர் என்று ஊரறியச் சொல்லிவிட்டான். கேன் பிரசிடெண்டுடையது என்பதைக் கேனைத் திருப்பிப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். அன்றிலிருந்து அவன் துப்பறியும் உதவியாளன்.

இவர்கள் கண்டுபிடித்த இரட்டைப் பசு வழக்கு பேப்பரில் நாலு வரி வந்தது. அந்த நாலு வரி போடிச் சந்தையில் கருவாடு சுற்றிக்கொண்டு அன்னாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. புகழ் என்பது அப்படித்தான் மலையேறுகிறது.

"உங்களுக்கு மட்டுந்தானா?" என்று யோகப்பிரியா கேட்டாள்.

"இருவத்திரெண்டு பேருக்கும்மா. இந்த வரிசைல பாதி வீட்டுல சண்ட. பன்னண்டாம் நம்பருல காலி பண்ணச் சொல்லி தம்பிக்கு வந்திருக்கு, அண்ணனுக்கு வரல. இருவதாம் நம்பருல மருமகளுக்கு வந்திருக்கு, மாமியாருக்கு வரல. அங்க போயிராதிய, பாத்திரம் பறக்குது."

"வேற ஏதாவது புதுசா நடந்துச்சுங்களா? போன மாசம், ரெண்டு மாசத்துல?"

மத்தியாஸ் யோசித்தான். "ரெண்டு பேரு டேப்பு வச்சு எல்லா வீட்டையும் அளந்துட்டுப் போனாவ. கக்கூசு கட்டிக் குடுக்கப் போறதா சொன்னாவ."

"முன் ரூமையுமா அளந்தாங்க?" என்றான் தங்கதுரை.

"ஆமா. ஜன்னல்லேர்ந்து மலை தெரியுதான்னுகூட எட்டிப் பாத்தாவ."

"பரவால்லயே. வெளிய காத்து வாங்கிக்கிட்டே போற கக்கூசு."

யோகப்பிரியா சிரிக்கவில்லை. மணி ஒன்பதே முக்கால். "லெட்டர் அடிச்சது யாருங்க?"

"ரிஞ்சு. ஆபீஸ் கிளார்க்கு. அந்தப் பயலையும் வியாழக்கிழமையே சஸ்பெண்ட் பண்ணிட்டாவ. கடைசி வீடு."

*

ரிஞ்சுவுக்கு இருபத்தைந்து வயது. லுங்கியோடும் ஒரு பழைய லேப்டாப்போடும் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வழிகாட்ட வந்த அன்னாள் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தால் உலகத்தில் இதுவரை அடிக்கப்பட்ட எல்லாத் தவறான கடிதங்களுக்கும் அவனே பொறுப்பு என்பதுபோல் இருந்தது.

"நீங்கதானே அத்தனை லெட்டரும் அடிச்சது?"

"அடிச்சது மெஷின், சேச்சி. ஏச்சு வாங்குனது நான்."

"எப்படி அடிக்கும்னு சொல்லுங்க. எங்க தங்கதுரையண்ணனுக்குப் புரியற மாதிரி."

இது அவமானமா பெருமையா என்று தங்கதுரை யோசிப்பதற்குள் ரிஞ்சு ஆரம்பித்துவிட்டான்.

"ஐம்பத்தெட்டு பேரு. ஐம்பத்தெட்டு லெட்டர ஒக்காந்து டைப் அடிக்க முடியாதுல்ல? அதனால ஒரே ஒரு மாதிரி லெட்டர். பேரு வர்ற எடத்துல ஒரு குழி, வீட்டு நம்பர் வர்ற எடத்துல ஒரு குழி. லிஸ்ட்டக் குடுத்தா ஒவ்வொரு வரியா எடுத்துக் குழில ஊத்தும். இந்த வேலைக்குன்னு ஒரு லைப்ரரி, அதாவது ரெடிமேட் புரோகிராமு இருக்கு, டைப்மோல்ட்னு பேரு. எங்கயோ இருக்கிற நாலு புண்ணியவான்க எழுதி இனாமாக் குடுத்தது. அத வச்சு நான்தான் மூணு வருசம் முன்னாடி புரோகிராம் எழுதுனேன்."

"பணியாரக்கல்லு," என்றான் தங்கதுரை.

"ஆங்?"

"குழியெல்லாம் ஒரே மாதிரி. ஊத்தற மாவுதான் வேற. புரிஞ்சுதுங்க தம்பி. ஆனா இருவத்திரெண்டு குழிக்கு ஏன் மாவு வரலை?"

ரிஞ்சு பெருமூச்சு விட்டான். கைபேசியில் ஆபீஸ் பதிவேட்டின் பக்கங்களைப் படமெடுத்து வைத்திருந்தான். காட்டினான். இடப்பக்கம் பெயர்கள். வலப்பக்கம் வீட்டு எண்.

*மத்தியாஸ்* — 14.

*அன்னாள்* — வெறும் கட்டம்.

"ஒரு வீட்டுல ரெண்டு பேரு வேலை பாத்தா நம்பர மொதப் பேருக்கு நேராத்தான் எழுதுவாவ. அடுத்த பேருக்கு நேரா சும்மா விட்டுருவாவ. மேல உள்ளதுதான் கீழயும்னு அர்த்தம். தோட்டம் போட்ட காலத்துலேர்ந்து இதான் பழக்கம். நானும் அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்."

"மொதப் பேரு யாரோடது?" என்று யோகப்பிரியா கேட்டாள்.

"அநேகமா ஆம்பளையாளு."

"கேட்டிருக்கவே வேண்டாம். சரி, காலிக் கட்டத்தைப் பாத்தா மேல பாக்கணும்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சேச்சி. அங்கதான் சங்கதி." ரிஞ்சுவின் குரல் தாழ்ந்தது. ஏதோ பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன்போல் பேசினான். "டைப்மோல்ட் ரெண்டு புள்ளி ஒன்பதுல ஒரு கோளாறு இருந்துச்சு. ஒரு ஆளுக்கு எடுத்த நம்பர் அடுத்த ஆளு வரைக்கும் அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும். அடுத்த ஆளுக்கு நம்பர் இல்லன்னா பழைய நம்பரையே போட்டுரும். எனக்கு அது கோளாறுன்னு தெரியாது. நம்ம ரிஜிஸ்டர் பழக்கம் தெரிஞ்ச நல்ல லைப்ரரின்னு நெனச்சேன்."

"அதாவது, கரண்டி கழுவாத சமையக்காரன்," என்றான் தங்கதுரை. "முந்தின குழியோட மிச்சம் அடுத்த குழில சொட்டிருச்சு. அதுல ஒரு தோட்டமே மூணு வருசம் குடும்பம் நடத்தியிருக்குது."

"மூணு புள்ளி சைபர்ல அதச் சரிபண்ணிட்டாங்க."

"கரண்டியக் கழுவிட்டாங்க."

"ஆமா. நம்பர் இல்லன்னா இல்லதான்."

ரிஞ்சு ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். புதிய பதிப்பில் என்னென்ன மாறியிருக்கிறது என்று லைப்ரரிக்காரர்களே வெளியிட்ட பட்டியல். ரிஞ்சு தமிழில் எழுதிச் சேர்த்திருந்தான். நாற்பத்தோரு இனங்கள். தங்கதுரை கல்யாணப் பத்திரிகையைக்கூட முழுதாகப் படிக்காதவன். இதை உரக்கப் படிக்கத் தொடங்கினான். தேதி எழுதும் முறை மாறியது. வரிக்கு முன்னால் உள்ள வெற்றிடம் நீங்கும். பதினேழாவது இனத்துக்கு அடியில் மட்டும் கோடு போட்டிருந்தது.

"'ஒரு சுற்றில் வைத்த மதிப்பு இனி அடுத்த சுற்றுக்குத் தொடராது. முன்பு தொடர்ந்தது பிழை. அதை நம்பி எழுதியவர்கள் தங்கள் மாதிரிகளைத் திருத்திக்கொள்ளவும்.' அட, பிழையை நம்பிப் பொழைச்சவங்களுக்கு வருத்தம்கூடச் சொல்லலைங்க அம்மணி."

"இதை எதுக்கு ஜெராக்ஸ் எடுத்தீங்க ரிஞ்சு?"

"ஏன் புதுசுக்கு மாத்தலன்னு சூப்பிரண்டெண்ட் சார் கேட்டாரு. எழுதிக் குடுக்கணும்னாரு. இந்தக் காரணத்துக்காகத்தான் மாத்த வேண்டாம்னு போன ஜூலைல எழுதி, இந்தப் பட்டியலையும் சேத்துக் குடுத்தேன். சாரு பாத்துட்டுத் திருப்பித் தந்ததும் ஒரு காப்பி எடுத்துக்கிட்டேன். ரெண்டு புள்ளி ஒன்பதுலயே நிக்கட்டும்னு பூட்டி வச்சிருந்தேன்."

"பூட்டு தானாத் திறக்குமா?"

"தொறக்காது. ஒரு வரிய யாராச்சும் கையால மாத்தணும். பாஸ்வேர்டு எனக்கும் சாருக்கும்தான் தெரியும்." ரிஞ்சு லுங்கி நுனியை முறுக்கினான். "செவ்வாய்க்கிழம நான் லீவு. நெடுங்கண்டத்துக்குப் பொண்ணு பாக்கப் போயிருந்தேன். புதன்கிழம வந்து பட்டனத் தட்டுனேன். ஐம்பத்தெட்டும் வந்துச்சு. சாரு சீல் வச்சாரு."

"படிச்சுப் பாக்கலையா?"

"மூணு வருசமா சரியா வர்றத யாரு சேச்சி படிப்பா?"

"பொண்ணு என்னாச்சுங்க தம்பி?" தங்கதுரைக்கு இதுதான் முக்கியம்.

"யோசிச்சுச் சொல்லுதோம்னாவ. இப்ப சஸ்பெண்ட்னு தெரிஞ்சா யோசிக்கவே மாட்டாவ."

தங்கதுரையின் நெஞ்சு இளகிவிட்டது. அவனையும் இப்படி யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் பதினாறு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"'எனவே காலி செய்யவும்'ங்கற வரி?" யோகப்பிரியா விடவில்லை.

"அது இந்த வருசம் சேந்தது. முன்னாடியெல்லாம் 'வீடு ஒதுக்கப்படவில்லை'யோட நிக்கும், டெம்பரரி ஆளுங்களுக்காக வச்சது. திங்கக்கிழம சாரு கூப்ட்டு இந்த வரியச் சேக்கச் சொன்னாரு. ஹெட் ஆபீஸ் ஆர்டர்னாரு."

"லிஸ்ட்டோட காப்பி இருக்கா? போன மாசத்ததும், புதன்கிழமை அடிச்சதும்?"

இருந்தது. பென் டிரைவில் எல்லாவற்றையும் சேர்த்துவைக்கிற ஜாதி ரிஞ்சு. தங்கதுரை பதினெட்டாவது இனத்திலிருந்து நாற்பத்தொன்று வரை விடாமல் படித்து முடிப்பதற்குள் யோகப்பிரியா இரண்டு லிஸ்ட்டையும் அருகருகே வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டாள். ஓர் இடத்தில் நிறுத்தி, எது எப்போது மாறியது என்ற பதிவையும் திறந்து பார்த்தாள். கைபேசியில் நாலைந்து படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள்.

"மொத்தம் எத்தனை வீடு?"

"முப்பத்தஞ்சு, சேச்சி."

"கிளம்புங்க தங்கதுரையண்ணா."

"ஏனுங் அம்மணி, கேஸ் முடிஞ்சுதுங்களா? குற்றவாளி மூணு புள்ளி சைபர்தானுங்களே?"

"அது கரண்டியைக் கழுவுச்சு. கழுவாத கரண்டில ஊரே சாப்பிடுதுன்னு தெரிஞ்சே அதை உள்ள விட்டது யாரு?"

*

ஆபீஸ் முற்றத்தில் பதினொன்றே முக்காலுக்கே கூட்டம் கூடியிருந்தது. ஸ்டோரில் ஏலக்காய் காயும் வாசனை வந்தது. நடுவில் ஒரு மேஜை. மேஜைமேல் வீட்டைக் காலி செய்யும் சம்மதத் தாள்கள், பேனா, கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி. மேஜைக்குப் பின்னால் சூப்பிரண்டெண்ட் சிவப்பிரகாஷ். உடுமலைப் பக்கத்துக்காரர். மடிப்புக் கலையாத சட்டையும் கலையாத பணிவுமாக எழுந்து நின்றார்.

"வாங்க, வாங்க. நம்மூருப் பக்கம்னு கேள்விப்பட்டனுங்க. டீ சாப்புடுறீங்களா?"

"அப்பறமாங்க. இது கம்ப்யூட்டர் தப்புன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

சிவப்பிரகாஷ் வருத்தப்பட்டார். வருத்தமும் இஸ்திரி போட்டே இருந்தது. "தெரியுமுங்க. எனக்கே மனசு கேக்கலை. ஆனா ஹெட் ஆபீஸ் முத்திரையோட போன லெட்டருங்களே? இப்போதைக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டுடட்டும். அப்பறம் நான் எழுதிப் போட்டுச் சரிபண்ணிக் குடுத்தர்றன்."

"மொதல்ல காலை வெட்டிக்கலாம், அப்பறம் ஒட்டிக்கலாம்ங்கறாருங்க," என்று தங்கதுரை கூட்டத்துக்கு மொழிபெயர்த்தான்.

"அந்தக் கோளாறு எப்படி வந்துச்சுங்க?"

"எனக்குக் கம்ப்யூட்டரெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. அதுவா அப்டேட் ஆயிருக்கும். அந்தப் பையன் எழுதுன புரோகிராமு, அதான் அவனை நிறுத்தி வச்சிருக்குது."

யோகப்பிரியா ஜெராக்ஸ் தாளை மேஜைமேல் வைத்தாள். நாற்பத்தோரு இனங்களுக்கும் கீழே ஓரத்தில் ஒரு வரி. *பார்த்தேன். சி.பி.* தேதியோடு. ஜெராக்ஸில் நிறம் தெரியவில்லை. ஆனால் சிவப்பிரகாஷ் பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார் என்பதும், அந்த மைக்குரிய பதவி அவருக்கு எந்த அரசாங்கமும் கொடுக்கவில்லை என்பதும் தோட்டத்துக்கே தெரியும். ஆபீசுக்கு வரும் ஒரு தாளையும் அவர் அந்த 'பார்த்தேன்' இல்லாமல் விடுவதில்லை. கேண்டீன் மெனுவில்கூட இருக்கும்.

"பதினேழாவது இனத்துல ரிஞ்சு கோடு போட்டுக் குடுத்திருக்காரு. இதை மாத்தினா ரெண்டாவது பேருக்கெல்லாம் வீடு வராதுன்னு தனியா எழுதியும் இருக்காரு. ஜூலைலயே பாத்திருக்கீங்க."

சிவப்பிரகாஷ் தாளைப் பார்த்தார். மெதுவாகச் சிரித்தார். "நாளுக்கு ஐம்பது பேப்பர் வருதுங்க. எல்லாத்தையும் படிச்சுட்டா கையெழுத்துப் போட முடியும்? 'பார்த்தேன்'னுதானே எழுதியிருக்கறன், 'படித்தேன்'னு எழுதலையே."

முற்றத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பதில் நன்றாகத்தான் இருந்தது. எந்த ஆபீசிலும் எந்த விசாரணையிலும் இதற்குமேல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. படிக்காமல் கையெழுத்துப் போடுவது குற்றமென்றால் நாட்டில் பாதி நாற்காலி காலி. மணி பன்னிரண்டுக்கு ஐந்து. அன்னாள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் மூச்சு வாங்காமல் பேசியவள் இப்போது மேஜைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க," என்றாள் யோகப்பிரியா. கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "வீடு உறுதின்னு லெட்டர் வாங்குனவங்க மட்டும் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. தங்கதுரையண்ணா, எண்ணுங்க."

தங்கதுரை பால் கேன் எண்ணுகிற மாதிரி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். முப்பத்தாறு. மறுபடி எண்ணினான். முப்பத்தாறு.

"வீடு முப்பத்தஞ்சுங்களே அம்மணி? வீட்டுக்கு மொதப் பேரு ஒண்ணுன்னா முப்பத்தஞ்சு பேருதான் வரணும். ஒண்ணு கூடவருதே?"

"அதேதான். ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கும் வீடு கிடைச்சது யாருக்குங்க?"

ஐம்பத்தேழு வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் உற்சாகமாகக் கையைத் தூக்கினாள்.

"எங்களுக்குத்தானுங்! ஒம்பதாம் நம்பரு. எம்பட பையனுக்கும் வந்துது, எனக்கும் வந்துது."

கொங்குத் தமிழைக் கேட்டதும் தங்கதுரையின் காது நிமிர்ந்தது. "நம்மூரு ஆளாட்ட இருக்குதுங்களே. பேரென்னங்?"

"பழனாத்தாளுங்க. மடத்துக்குளம். ஸ்டோர்ல காய் பொறுக்கறனுங்க. மத்தவீகளுக்கெல்லாம் இப்படி ஆயிருச்சுன்னு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்க. ஆனா எம் மாப்பிள்ளை தங்கம். எம் பேருக்கு நேரா அவருதான் நம்பரைப் போட்டு உட்டிருப்பாரு."

"மாப்பிள்ளை யாருங்க?"

பழனாத்தாள் பெருமையோடு மேஜையைப் பார்த்து முகவாயை நீட்டினாள்.

சிவப்பிரகாஷ் மைப்பெட்டியின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"பதிவேட்டுல இந்தம்மா பேருக்கு நேரா காலிக் கட்டம்," என்றாள் யோகப்பிரியா. "போன மாச லிஸ்ட்டுலயும் காலிதான். காலிக் கட்டம் மொத்தம் இருபத்திமூணு. புதன்கிழமை லிஸ்ட்டுல இருபத்திரெண்டு. செவ்வாய்க்கிழமை காலைல பதினொன்னு இருபதுக்கு ஒரே ஒரு கட்டத்துல ஒன்பதுன்னு ஏறியிருக்குது. பதினொன்னு முப்பத்தஞ்சுக்கு பூட்டு மாறியிருக்குது. ரிஞ்சு நெடுங்கண்டத்துல காப்பி குடிச்சிட்டு இருந்தாரு."

"கம்ப்யூட்டர் தப்புதானுங்க," என்றான் தங்கதுரை. "ஆனா மாமியாரை அடையாளம் தெரிஞ்ச கம்ப்யூட்டரு."

"பாத்தீங்களா, என்ற மேல எவ்வளவு பாசம்னு!" என்று பழனாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கதுரைக்கு இதைச் சொல்ல மனசு வரவில்லை. வாய் மட்டும் வந்துவிட்டது. "ஏனுங்க, உங்க ஊடு போயிருந்தா நீங்க எங்க போயிருப்பீங்க?"

"எங்க போவேன்? மக ஊட்டுக்குத்தான்."

சொல்லி முடித்தபிறகுதான் அவள் அந்த வாக்கியத்தைக் கேட்டாள். மெதுவாகத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தாள். முப்பத்தைந்து வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். சிவப்பிரகாஷின் முகத்தில் இருந்த பணிவு ஒரு நொடி விலகியது. அதற்குப் பின்னால் இருந்தது பயம், சுத்தமான, கலப்படமில்லாத பயம். பாலில் இவ்வளவு சுத்தத்தைத் தங்கதுரை பார்த்ததேயில்லை.

"மாப்ளே," என்றாள் பழனாத்தாள். "நான் வந்துருவன்னா?"

"அப்படியில்லீங்க அத்தை..."

"இருபத்திரெண்டு குடும்பம் தெருவுல நிக்கறதுகூடப் பரவால்ல, நான் மட்டும் வந்தரக்கூடாதுன்னா?"

"அத்தை, வீட்டுல பேசிக்கலாமுங்க..."

"பேசிக்கலாம். திங்கக்கிழமை மூட்டையோட வர்றன். அங்கியே உக்காந்து நெதானமாப் பேசிக்கலாம்."

மத்தியாஸ்தான் முதலில் கேட்டான். "அளந்துட்டுப் போனது கக்கூசுக்கு இல்லையா, சாரு?"

"டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விடறதுக்கு," என்றாள் யோகப்பிரியா. "உங்களை நேரா கிளப்புனா சங்கம் கொடி பிடிக்கும். பொண்டாட்டியையும் தம்பியையும் கிளப்பினா சண்டை உங்க வீட்டுக்குள்ளயே நடக்கும். ரெண்டு மாசத்துல நீங்களே மூட்டை கட்டிருவீங்க. யாரு கேட்டாலும் கம்ப்யூட்டர் தப்பு. யாராவது மாட்டணும்னா ரிஞ்சு."

சிவப்பிரகாஷ் மறுக்கவில்லை. எதைத் தானாகச் செய்தார், எதை ஹெட் ஆபீஸ் சொல்லிச் செய்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதற்குள் ஆபீஸ் போன் அடித்தது. கொச்சியிலிருந்து. 'அடுத்து பேப்பருக்குப் போகும்' என்ற ஒரு வரியோடு யோகப்பிரியா அனுப்பிய படங்கள் அங்கே போய்ச் சேர்ந்து ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. தொழிலாளி சம்பளச் சந்தேகம் கேட்டால் பதினைந்து நாள் ஆகும் ஹெட் ஆபீஸ், தன் பெயர் பேப்பரில் வந்துவிடும் என்றால் எவ்வளவு சுறுசுறுப்பாகிவிடுகிறது! இருபத்திரண்டு கடிதங்களும் ரத்து. ரிஞ்சு மறுபடி வேலையில். சிவப்பிரகாஷ் உடனே கொச்சிக்கு வர வேண்டும். டேப்பு வைத்து அளந்தவர்களைப் பற்றி ஹெட் ஆபீசுக்கு ஒன்றுமே தெரியாது. அவர்களும் படித்திருக்கமாட்டார்கள், பார்த்திருப்பார்கள்.

ரிஞ்சு லுங்கியைப் பேண்ட்டாக மாற்றிக்கொண்டு ஓடி வந்தான்.

"அஞ்சு நிமிசம், சித்தி," என்றான் அன்னாளிடம். "பழைய ரெண்டு புள்ளி ஒன்பதையே திருப்பிப் போட்டுருதேன். எல்லாம் பழையபடி ஆயிரும். ஒங்க லெட்டருல பதினாலு வந்துரும்."

"வேண்டாம்," என்றாள் அன்னாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவரு மிச்சம் சொட்டி எனக்கு வீடு வரவேண்டாம். அந்த ரிஜிஸ்டர எடு."

ரிஞ்சு யோகப்பிரியாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். பச்சை அட்டைப் பதிவேடு வந்தது. மேஜைமேல் இருந்த சம்மதத் தாள்களை அன்னாள் முழங்கையால் ஒதுக்கிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். தன் பெயரை விரலால் தேடிக் கண்டுபிடித்தாள். இருபத்தேழு வருடத்தில் அந்தக் கட்டத்துக்குள் யாரும் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை.

"நம்பர நான் எழுதட்டுமா சித்தி?"

"பேனாவக் குடுல."

ஏலக்காய்க் கறை ஏறிய விரல்களுக்குப் பேனா பழக்கமில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒன்று நேராக வந்துவிட்டது. நாலு இடம் போதாமல் மேலே ஏறிப் போயிற்று. பின்னால் இருபத்தொரு பேர் தாங்களாகவே வரிசையில் நின்றுவிட்டார்கள். பன்னிரண்டாம் நம்பர் தம்பியும், இருபதாம் நம்பர் மருமகளும் முன்னால் நின்றார்கள். தங்கதுரை கண்ணில் ஏதோ விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஸ்டோர் பக்கம் பார்த்தான்.

மத்தியாஸ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "என்னட்டி இது, ஒன் நாலு எங் கட்டத்துக்குள்ள வந்துருக்கு?"

"கெடக்கட்டும்," என்றாள் அன்னாள், பேனாவை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு. "இருவத்தேழு வருசம் நான் ஒம்ம கட்டத்துலதான கெடந்தேன்."